ப்ளஸ் டூ தமிழ் கைடு: எந்தப் பக்கம் உரை, எந்தப் பக்கம் காப்பி

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் புத்தகக் கடைகளில் பாடநூலுக்கு முன்னால் அடுக்கப்படுவது கைடுதான். பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல் அரசுப் பள்ளி மாணவருக்கு இலவசம்; மற்றவர்கள் பிடிஎஃப் வடிவில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். அப்படியிருந்தும் பாடநூலைவிடத் தடிமனான ஒரு கைடைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். "இலக்கியத்துக்குக் கைடு படித்துத் தேர்வு எழுதுவது காப்பி அடிப்பதுதானே?" என்று ஒரு பக்கம் கேட்கிறார்கள். "கைடு இல்லாமல் சங்கப்பாட்டு யாருக்குப் புரியும்?" என்று இன்னொரு பக்கம். இரண்டும் நியாயமான கேள்விகள். கைடு முழுவதையும் ஒரே பொருளாக எடுத்துக்கொண்டால் இரண்டுக்கும் விடை கிடைக்காது. ஒரே அட்டைக்குள் நாலு விதச் சரக்கு இருக்கிறது. செய்யுளுக்குப் பொருள், இலக்கணப் பகுதி, பாடநூல் வினாக்களுக்கு விடை, எந்தப் பாட்டுக்கும் பொருந்தும்படி எழுதி வைத்த நயமும் கட்டுரையும். தனித்தனியாகத்தான் விலை மதிக்க வேண்டும்.

செய்யுள் பொருளில் தொடங்கலாம். இதைக் காப்பி என்று சொல்பவர்கள் தமிழ் இலக்கியம் நம் கைக்கு எப்படி வந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். குறளுக்குப் பரிமேலழகர், பத்துப்பாட்டுக்கு நச்சினார்க்கினியர் என்று உரையோடுதான் மூலம் வந்தது. உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது முதல் 266 பாட்டுகளுக்குக் கிடைத்த பழைய உரையையும் சேர்த்தே அச்சிட்டார். உரை இல்லாத பாட்டுகளில் அறிஞர்களே தடுமாறுகிறார்கள். அப்படியிருக்க பதினேழு வயதுப் பிள்ளை உரையைப் பார்ப்பதில் என்ன குற்றம்? கைடு என்றாலே கோனார் நோட்ஸ் என்று சொல்லிப் பழகிய ஊர் இது. அதை எழுதிய ஐயம்பெருமாள் கோனார் திருச்சி புனித வளனார் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர். பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்ட அந்த நூலின் பெயரே 'கோனார் தமிழ் உரை'. உரை என்ற சொல்லுக்கு இருக்கும் கடமை என்னவென்று தெரிந்தவர் வைத்த பெயர்.

அந்தக் கடமையை இன்றைய கைடுகள் செய்கின்றனவா என்று பார்க்க ஒரே ஒரு பாட்டுப் போதும். 2019இல் வந்த பாடநூலில் ஏழாம் இயலில் புறநானூறு 184ஆம் பாட்டு இருக்கிறது. பிசிராந்தையார், பாண்டியன் அறிவுடைநம்பிக்குச் சொன்னது. 2019 ஜூலையில் மத்திய பட்ஜெட் உரையிலும் எடுத்துச் சொல்லப்பட்டதால் பாட்டு பலருக்குத் தெரியும்.

காய்நெல் அறுத்துக் கவளங் கொளினே
மாநிறைவு இல்லதும் பன்னாட்கு ஆகும்;
நூறுசெறு ஆயினும் தமித்துப்புக்கு உணினே
வாய்புகு வதனினும் கால்பெரிது கெடுக்கும்;
அறிவுடை வேந்தன் நெறியறிந்து கொளினே
கோடி யாத்து நாடுபெரிது நந்தும்;
மெல்லியன் கிழவன் ஆகி வைகலும்
வரிசை அறியாக் கல்லென் சுற்றமொடு
பரிவுதப எடுக்கும் பிண்டம் நச்சின்,
யானை புக்க புலம்போலத்
தானும் உண்ணான் உலகமும் கெடுமே.

முதல் சொல்லிலேயே உதவி வேண்டியிருக்கிறது. 'காய்நெல்' என்றால் பழுக்காத நெல் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். விளைந்து முற்றிய நெல் என்று யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். அடுத்து 'மா'. நில அளவு என்பது முதல் பொருள். அதோடு உரை நின்றுவிட்டால் அது குறைதான். இருபது மா ஒரு வேலி. தஞ்சாவூர்ப் பக்கம் மூன்று மா ஒரு ஏக்கர் என்று இன்றும் கணக்குச் சொல்வார்கள். அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்குகூட நிறையாத துண்டு நிலம் ஒரு யானைக்குப் பல நாள் சோறு போடும். அறுத்து, கவளமாக்கிக் கொடுத்தால்! எதிரே நூறு வயல். யானை தானே இறங்கினால் வாய்க்குள் போவதைவிடக் காலடியில் போவது அதிகம். இந்த அளவு தெரியாமல் "சிறிய நிலம், பெரிய நிலம்" என்று படித்தால் பாட்டின் பாதி வலு போய்விடுகிறது. நல்ல உரை இந்த இடத்தில் ஒரு வரி கூடுதலாக எழுதியிருக்கும். கைடு வாங்குமுன் இந்தப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 'மா - நில அளவு' என்பதற்கு மேல் ஒரு சொல் இருந்தால் அதை எழுதியவர் பாட்டைப் படித்திருக்கிறார்.

இதே பாட்டின் பொருள் சுருக்கம் பொதுவாக எங்கே முடியும்? "அரசன் மக்கள்மீது அன்பு கொண்டு முறையறிந்து வரி திரட்ட வேண்டும்" என்பதில். தவறில்லை; ஆனால் பாட்டு அங்கே முடியவில்லை. 'தானும் உண்ணான்' என்கிறார் புலவர். இரக்கம் காட்டு என்று மட்டும் கெஞ்சவில்லை, உனக்கே ஒன்றும் மிஞ்சாது என்று கணக்குக் காட்டுகிறார். பாட்டின் கட்டுமானமும் அந்தக் கணக்கின்படிதான் இருக்கிறது. 'கொளினே', 'உணினே', 'கொளினே', கடைசியில் 'நச்சின்' என்று, 'செய்தால்' என்ற பொருளில் நாலு நிபந்தனை வருகிறது. யானைக்கு முறையாகக் கொடுத்தால், யானை தானாகப் புகுந்தால். வேந்தன் முறையாகக் கொண்டால், முறைகெட்டு விரும்பினால். இரண்டு யானை, இரண்டு அரசர். உவமை பொருந்துவதை விளக்கச் சொல்லி நாலு மதிப்பெண் வினா வந்தால் இந்த நாலையும் எதிரெதிரே வைத்தாலே விடை முடிந்தது. பாட்டை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தவருக்கு இது காதில் விழும். கைடின் பொருள் சுருக்கத்தை மட்டும் படித்தவருக்கு விழாது, ஏனென்றால் உரைநடையாக்கும்போது அந்த 'இனே' கரைந்துவிடுகிறது.

ஆக, செய்யுள் பொருளுக்குக் கைடு பார்ப்பது காப்பி அல்ல என்பது என் தீர்ப்பு. மூலத்தைப் பக்கத்தில் திறந்து வைத்திருந்தால் மட்டும்.

இலக்கணப் பகுதிக்கு வந்தால் வாதம் சுருங்கிவிடும். வாய்ப்பாட்டை யாரிடம் கற்றாலும் வாய்ப்பாடுதான். இங்கே கேள்வி ஒன்றே ஒன்று: அச்சில் உள்ளது சரியா? இதில் கைடுகள் ஏமாற்றும் இடங்கள் தெரிந்தவை. ஒரு சொல்லை அதன் உறுப்புகளாகப் பிரிக்கும் பகுபத உறுப்பிலக்கணத்தில் 'அறிந்து' என்பதை எடுங்கள். அறி பகுதி, த் சந்தி, அது ந் ஆனது விகாரம், அடுத்த த் இறந்தகால இடைநிலை, உ வினையெச்ச விகுதி. விகாரத்தை விட்டுவிட்டு 'ந் சந்தி' என்று போட்டிருந்தால் அந்தக் கைடை அங்கேயே வைத்துவிடலாம். 'அறுத்து' என்பதில் விகாரம் கிடையாது: அறு, த் சந்தி, த் இடைநிலை, உ. 'அறிந்து' பிரித்த அச்சிலேயே இதையும் பிரித்து விகாரத்தைச் சேர்த்திருந்தால் அதுவும் பிழை.

புணர்ச்சி விதியிலும் இதே நோய். செந்தமிழ் இரண்டு படி: செம்மை + தமிழ், 'ஈறுபோதல்' விதிப்படி செம் + தமிழ், பிறகு 'முன்னின்ற மெய்திரிதல்' விதிப்படி ம் என்பது ந் ஆகும். முதல் இயலில் வரும் செம்பரிதிக்கு ஒரு படிதான். ம் அப்படியே நிற்கிறது, திரிபு இல்லை. 'உன்னையல்லால்' மறுபடி இரண்டு படி: 'இஈஐ வழி யவ்வும்' என்று ய் தோன்ற வேண்டும், அப்புறம்தான் 'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே'. கடைசி விதியை மட்டும் போட்டால் ய் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பதில் இல்லை, மதிப்பெண் பாதியாகும். செந்தமிழ், செம்பரிதி, உன்னையல்லால், அறிந்து: இந்த நாலையும் கடையில் நின்றபடியே ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். நாலில் ஒன்று தவறினாலும் மற்ற நூறு விடைகளை நம்பி மனப்பாடம் செய்ய முடியாது.

அச்சுப்பிழை சின்ன விஷயமல்ல. மேலே உள்ள பாட்டில் 'அறுத்து' என்பது 'அருத்து' என்று விழுந்தால் வெட்டுவது போய் ஊட்டுவது வந்துவிடும். அருத்துதல் என்றால் உண்பித்தல். ஒரு ரகரம் பாட்டின் முதல் அடியையே புரட்டிப்போடும். மனப்பாடப் பகுதிக்குக் கைடையே திறக்காதீர்கள். செய்யுளுக்கு நாலு, குறளுக்கு இரண்டு என ஆறு மதிப்பெண் அதில் இருக்கிறது. அடி மாறாமல், சீர் பிரிப்பு மாறாமல் எழுதினால்தான் முழுதாகக் கிடைக்கும். பாடநூலைப் பார்த்து, பாடநூலில் உள்ளபடியே மனப்பாடம் செய்ய வேண்டும்.

மூன்றாவது சரக்கு, பாடநூல் வினாக்களின் விடை. கைடு விற்பதே இதற்காகத்தான். எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண்ணுக்கு. மீதி 10 அகமதிப்பீடு. 90இல் பலவுள் தெரிக (தந்த விடைகளில் சரியானதைத் தேர்வது) 14, குறுவினாக்கள் இரண்டிரண்டாக 24, நாலு மதிப்பெண் பகுதி 28, நெடுவினா மூன்றுக்கு 18, மனப்பாடம் 6. பலவுள் தெரிகவுக்கும் குறுவினாவுக்கும் விடை பாடநூலிலேயே, பல நேரம் நூலையும் ஆசிரியரையும் அறிமுகம் செய்யும் 'நூல்வெளி' பெட்டியிலேயே இருக்கிறது. கைடு அதைத் தேடி எடுத்து வரிசைப்படுத்தித் தருகிறது, அவ்வளவுதான். இதைக் காப்பி என்று சொல்ல மாட்டேன், சோம்பல் என்று சொல்வேன். தேடும்போது கண்ணில் படும் பக்கத்து வரிகள்தான் அடுத்த ஆண்டு வினாவாக வருகின்றன. தேடாதவருக்கு அந்த வரிகள் கிடைப்பதில்லை.

நெடுவினாவில் நிலைமை வேறு. கணக்கைப் பாருங்கள். மூன்று மணி நேரம் என்பது 180 நிமிடம், 90 மதிப்பெண். ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடம், ஆறு மதிப்பெண்ணுக்குப் பன்னிரண்டு. தொடக்கத்தில் வினாத்தாள் படிக்கத் தரும் நேரம் தனி. நிமிடத்துக்குப் பதினைந்து சொல் எழுதும் கை பன்னிரண்டு நிமிடத்தில் 180 சொல் எழுதும். நெடுவினா விடையை இரண்டு மூன்று பக்கத்துக்கு நீட்டி, முந்நூறு நானூறு சொல்லில் தரும் கைடுகள் உண்டு. அப்படியே மனப்பாடம் செய்தவர் ஒன்றில் நேரத்தைத் தொலைப்பார், அல்லது பாதியில் வெட்டுவார். வெட்டு விழுவது எப்போதும் கடைசியில், கதையின் உயிர் இருக்கும் இடத்தில். முன்னுரைக்கு மட்டும் குறைவே இருக்காது! துணைப்பாடச் சிறுகதைகளில் இது கண்கூடு. பல பக்கக் கதையைக் குறுந்தலைப்புகளாக நறுக்கி, சம்பவங்களை வரிசையாகச் சொல்லி, 'முடிவுரை'யில் ஒரு நீதியை ஒட்டி வைத்திருப்பார்கள். கதையில் யார் என்ன பேசினார், எந்த இடத்தில் மௌனமாக இருந்தார் என்ற எதுவும் அதில் தங்காது. வினா கொஞ்சம் திரும்பினாலே, கதையைச் சொல் என்பதற்குப் பதிலாக ஒரு பாத்திரத்தின் முடிவு சரியா என்று கேட்டாலே, மனப்பாடம் செய்தவர் பழைய சுருக்கத்தையே எழுதிவிட்டு வருவார். அந்த விடை கேள்விக்குப் பக்கத்தில்கூட நிற்காது.

இவை எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் வலிப்பது நாலாவது சரக்கு. பாட்டு ஒன்றைக் கொடுத்து மூன்று நயங்களை எழுதச் சொல்லும் நாலு மதிப்பெண் வினா இருக்கிறதே, அதற்குக் கைடுகள் விற்கும் தயார் வாசகங்களை தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லோரும் அறிவார்கள். "காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை." "மதுரைக்கு வைகை, செய்யுளுக்கு எதுகை." "அணியற்ற கவிதை பணியற்ற வனிதை." மோனைக்கு ஒரு வரி, எதுகைக்கு ஒரு வரி, அணிக்கு ஒரு வரி, பாட்டிலிருந்து இரண்டு சொல்லை எடுத்துக் கீழே ஒட்டினால் விடை தயார். பாட்டைப் படிக்கவே தேவையில்லை. நயம் பாராட்டல் என்றால் தன் கண்ணில் பட்ட அழகைத் தன் வாயால் சொல்வது. பார்க்காத அழகை, எவரோ எழுதிய வாயால், பாட்டு கைக்கு வருவதற்கு முன்பே பாராட்டி வைத்திருப்பதற்கு வேறு பெயர் இல்லை, இது காப்பிதான். தேர்வறைக்குள் துண்டுச்சீட்டோ மைக்ரோ ஜெராக்ஸோ கொண்டுபோனால் பறக்கும் படை பிடிக்கும். இதைப் பிடிக்க விதி இல்லை, மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. கிடைப்பதால் நேர்மையாகிவிடாது. பழியை முழுதும் பிள்ளை தலையில் போடவும் முடியாது. 'முதலெழுத்து ஒன்றி வந்தது மோனை' என்ற இலக்கணத்துக்கும் இரண்டு எடுத்துக்காட்டுக்கும் மதிப்பெண் தந்து, அந்த மோனையால் பாட்டுக்கு என்ன ஆயிற்று என்று கேட்காத வினா அமைப்புக்கும் பங்கு உண்டு.

மாற்று வழி கடினமில்லை. கொடுத்த பாட்டில் முதலில் காதை உறுத்தும் ஒரு சொல்லோ ஒலியோ எது என்று பிடியுங்கள். அது மோனையா, எதுகையா, இயைபா என்று பெயர் சொல்லுங்கள். எடுத்துக்காட்டைப் பாட்டிலிருந்தே எழுதி, அது அங்கே என்ன வேலை செய்கிறது என்று ஒரு வாக்கியம் சேருங்கள். பிசிராந்தையார் பாட்டு வந்திருந்தால், 'கொளினே, உணினே, கொளினே' என்று ஒன்றுவிட்ட அடியின் கடைசியில் வரும் ஒலி, தராசின் இரு தட்டை மாற்றி மாற்றிக் காட்டுகிறது என்று எழுதலாம். மூன்று நயம், மூன்று வாக்கியம், மேலே இரண்டு வரியில் மையக்கருத்து. எட்டு நிமிடத்துக்குள் முடியும். வைகையும் யானையும் அந்தந்த இடத்திலேயே இருக்கட்டும்.

ஆங்கில இலக்கிய மாணவர்களுக்கும் இதே கதைதான். கனடாவின் கோல்ஸ் நோட்ஸைப் பார்த்து 1958இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் கிளிஃப்டன் ஹிலிகாஸ் பதினாறு ஷேக்ஸ்பியர் நாடகங்களுக்குத் தொடங்கிய கிளிஃப்ஸ் நோட்ஸ்தான் அங்கே கைடுக்குப் பொதுப்பெயர். மூல நூலுக்கு இது மாற்று அல்ல என்று அவரே தன் நோட்ஸில் வாசகருக்கு எழுதி வைத்தார். நம்மூர்க் கைடு அட்டைகளில் 'நூற்றுக்கு நூறு' என்றுதான் இருக்கிறது. அந்த ஒரு வரியையாவது இவர்களும் அச்சிடலாம்.

வாங்கியவர் பயன்படுத்தும் முறை இதுவாக இருந்தால் செலவு வீணாகாது. செய்யுளைக் கைடு இல்லாமல் இரண்டு முறை வாய்விட்டுப் படிக்க வேண்டும். பாடநூலின் 'சொல்லும் பொருளும்' மட்டும் பார்த்து, புரிந்ததை ஐந்து வரியில் எழுத வேண்டும். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. பிறகு கைடைத் திறந்து வேறுபடும் இடத்தில் பென்சிலால் கோடு போட வேண்டும். அந்தக் கோடுதான் நீங்கள் கைடுக்குக் கொடுத்த காசு. நெடுவினாவுக்குக் கைடின் குறுந்தலைப்புகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, கைடை மூடிவிட்டு, பன்னிரண்டு நிமிடம் கடிகாரம் வைத்து எழுதிப் பார்க்க வேண்டும். 'மொழியை ஆள்வோம்' பகுதியில் உங்கள் ஊரைப் பற்றியும் உங்கள் கருத்தைப் பற்றியும் கேட்கும் வினாக்களுக்குக் கைடு தரும் விடையைப் படிக்காமல் தாண்டிவிடுவதே நல்லது. படித்துவிட்டால் உங்கள் ஊர் மறந்து கைடின் ஊர்தான் கைக்கு வரும்.

மெல்லக் கற்போருக்கென்று பள்ளிகளில் தரப்படும் சுருக்கக் கையேடுகளை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. தேர்ச்சிக்கே திணறும் பிள்ளைக்கு அது கைத்தடி. அதில் காப்பி என்ற பேச்சுக்கே இடமில்லை. வாட்ஸ்ஆப்பில் சுற்றும் பிடிஎஃப் நோட்ஸ்களை மட்டும் கவனமாகப் பாருங்கள். எழுதியவர் யார், எந்தப் பதிப்புப் பாடநூலுக்கு எழுதியது என்று எதுவும் இருக்காது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றும்போது ஒற்றும் கொம்பும் உதிர்ந்திருக்கும்.

அண்ணன் அக்கா படித்த பழைய கைடு வீட்டில் இருந்தால் புதிதாக வாங்க வேண்டியதில்லை. பாடநூலுக்குத் திருத்திய பதிப்புகள் வந்திருப்பதால், இரண்டின் பொருளடக்கத்தையும் பக்கத்தில் வைத்து இயல்வாரியாக ஒப்பிட்டு, இல்லாத பாடத்தை அடித்துவிடுங்கள், கூடுதலாக உள்ளதைக் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை. செய்யுள் பொருளும் இலக்கணமும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லை. அந்தப் பழைய கைடில் நயம் பாராட்டல் பக்கங்களை மட்டும் கிழித்துவிட்டுத் தம்பி தங்கைக்குக் கொடுங்கள்.